மாப் கணக்கும் மனக்கணக்கும்

(திண்டுக்கல்லில் செவிலியர் நாளையொட்டி நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செவிலியர் நாள் கூட்டம் என்றால் மெழுகுவத்தி ஏற்றி, நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, தியாகம், சேவை, தேவதை என்று தூவிவிட்டு உட்கார்ந்துவிடலாம். உங்களுக்கும் அது பழகிப்போயிருக்கும். தேவதை என்ற பட்டம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. தேவதைக்குத் தப்பு நேராது. தப்பு நேராதவளிடம் நேர்ந்த தப்பைப் பற்றி யார் கேட்பார்கள், அவள்தான் எப்படிச் சொல்வாள்?

ஆகவே இன்றைக்கு, ஓ.டி.யில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில், வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள்கூடப் பேசத் தயங்குகிற ஒன்றைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிகிச்சையில் ஒரு தவறு நேர்கிறது, அல்லது நேரப் பார்க்கிறது. அதைப் பார்த்துவிட்ட நர்ஸின் மனதில் என்ன ஓடுகிறது?

இரவு இரண்டு மணி, அவசர சிசேரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை எடுத்தாயிற்று. இரத்தம் நிற்கவில்லை, ஒற்றியெடுக்கும் பஞ்சுத் துணி, அதாவது மாப், ஒன்றன்மேல் ஒன்றாகப் போகிறது. ஒருவழியாக அடங்கி, வயிற்றை மூடும் நேரம். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. “சார், ஒரு மாப் வரலை.” “நல்லா எண்ணுங்க சிஸ்டர்.” மறுபடி எண்ணுகிறார். பக்கெட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள், டேபிளுக்கு அடியில் பார்க்கிறார்கள். மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே ஸ்ட்ரெச்சரில் அடுத்த கேஸ் காத்திருக்கிறது. இந்த இடத்தில் அந்த நர்ஸ் போடுவது இரண்டு கணக்கு. ஒன்று மாப் கணக்கு. இன்னொன்று, திரும்பவும் சொன்னால் என்ன ஆகும், சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்கிற மனக்கணக்கு. முதல் கணக்கை நமக்கு நர்சிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவதை வார்டும் தியேட்டரும்தான் சொல்லிக்கொடுத்தன. நான் பேச வந்தது அந்த இரண்டாவதைப் பற்றி.

ஆனாலும் முதல் கணக்கிலேயே ஒரு செய்தி இருக்கிறது. உடலுக்குள் துணியோ கருவியோ தங்கிப்போன 54 நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை அதுல் கவாண்டேயும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். தங்கிய பொருட்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பஞ்சுத் துணிதான். அதைவிட முக்கியம் வேறொன்று. எண்ணிக்கை எடுக்கப்பட்ட கேஸ்களில் 88 சதவீதத்தில், கடைசியாக ‘கவுண்ட் கரெக்ட்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். எண்ணாமல் விட்டதால் வந்த வினை என்றுதானே நாம் நினைப்போம்? எண்ணியிருக்கிறார்கள். சரியாக இருக்கிறது என்று நம்பியும் இருக்கிறார்கள். எப்போது இது அதிகம் நேர்கிறது என்றும் பார்த்தார்கள். அவசர அறுவை, பாதியில் திட்டம் மாறிய அறுவை, பருமனான உடல். இந்த மூன்றில் எதுவும் நர்ஸின் கவனக்குறைவு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நம் ஆட்களிடம், அதாவது நம்மிடம், தவறு எதனால் நேர்கிறது என்று கேட்டால் முதலில் வரும் பதில் ‘அஜாக்கிரதை’. நான் வகுப்பில் கேட்டபோதெல்லாம் அதுதான் வந்தது. துருக்கியில் நர்ஸுகளின் மனப்பாங்கை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்கள். தவறை எப்படிப் பார்க்கிறாய், தவறு நேர்ந்தால் என்ன செய்வாய், காரணம் எது என்று எண்ணுகிறாய் என மூன்று பகுதியாகப் பிரித்துக் கேட்கிறது அது. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது நல்ல யோசனை. தவறைச் சொல்லத்தான் வேண்டும் என்று முதல் பகுதியில் நூற்றுக்கு நூறு வாங்கும் ஒருவர், இரண்டாவது பகுதிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். மூன்றாவதில் ‘அஜாக்கிரதை’ என்று எழுதுகிறவர் பக்கத்து டேபிள் நர்ஸுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். நாளைக்குத் தனக்கும் அதே தீர்ப்புதான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகு வாய் எப்படித் திறக்கும்?

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், ஒரு விபத்துக்குள் ஒரு ஆளைத் தேடாதே, வரிசையாகத் தவறிப்போன பல தடுப்புகளைத் தேடு என்றார். அவர் காட்டிய உவமை ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி. நமக்கு எதற்கு அது? இந்த ஊரில் பூட்டு இருக்கிறது. லீவர் பூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடுகள். எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் அதனதன் உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டு திறக்கும். ஒன்று மசியாவிட்டாலும் திறக்காது. நோயாளிக்குக் கேடு வருவதும் அப்படித்தான். டாக்டர் எழுதியது தெளிவில்லை, பார்மசியில் ஒரே மாதிரிப் பெட்டி இரண்டு, அன்றைக்கு ஒரு ஸ்டாஃப் லீவு, ஷிஃப்ட் மாறும் நேரம், கேட்க வாய் வராத ஜூனியர். இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்து நின்றால்தான் ஊசி தவறாக இறங்கும். நாம் விசாரிப்பதோ கடைசித் தகட்டை மட்டும். கடைசித் தகடு பெரும்பாலும் நர்ஸ்தான், ஏனென்றால் மருந்து நோயாளியைத் தொடுவது அவர் கையால்.

இனி விலைக்கு வருகிறேன். தவறைச் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை நேர்மை பற்றிய உபதேசமாக யாராவது பேசினால், அவர் டியூட்டி பார்த்ததில்லை என்று அர்த்தம்.

அரசுப் பணியில் நிரந்தரமாக இருக்கிறவருக்கு அந்த விலையின் பெயர் மெமோ. ‘விளக்கம் கோரப்படுகிறது’ என்று ஒரு தாள் வரும். பிறகு ஒழுங்கு நடவடிக்கை, விதி 17(ஏ) அல்லது 17(பி). 17(பி) என்றால் என்ன என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. பதவி உயர்வு பட்டியல் வரும் சமயத்தில் அது நிலுவையில் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. நிரந்தரம் இல்லாதவரின் நிலை இன்னும் மோசம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-இல் எடுத்த நர்ஸுகளுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் ஊருக்கே அந்தத் தொகை தெரிந்தது. கொரோனா காலத்தில் எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் ‘இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதம்மா’ என்றால் அவர் நம்மை எப்படிப் பார்ப்பார்?

தனியார் பக்கம் போங்கள். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் நர்ஸின் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரை செய்தது. உங்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது என்று கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். சின்ன மருத்துவமனைகளில் ஓ.டி. நர்ஸ், வார்டு நர்ஸ், சில நாள் பில் போடுகிறவர் எல்லாம் ஒருவரே. முதலாளியே சர்ஜன். “சார், நீங்க வலது காலுக்கு மார்க் பண்ணியிருக்கீங்க, எக்ஸ்-ரேயில இடது கால் இருக்கு” என்று அவரிடம் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் சம்பளத்தில் சேராது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது நம்மில் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

1995-இல் வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. அது இழப்பீட்டு விஷயம். சிறைக்குப் போகும் விஷயம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் வந்தது. லூதியானாவில் ஒரு மருத்துவமனை. மூச்சுத் திணறும் நோயாளி, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், திறந்தால் காலி. அடுத்த அறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து பொருத்துவதற்குள் நேரம் போய்விட்டது. நோயாளி இறந்தார். வழக்கு டாக்டர்கள் மேல். உச்ச நீதிமன்றம் சொன்னது: சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு. இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் வழக்கு நடத்தக்கூடாது, வழக்கமாகச் செய்வதுபோலக் கைது செய்யக்கூடாது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு டாக்டரை மனதில் வைத்து எழுதப்பட்டது. சிலிண்டர் காலியாகக் கிடந்தால் நம் ஊரில் முதல் கேள்வி யாரிடம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்போதாவது தண்டனை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ: அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. டாக்டரோ, நர்ஸோ, லாரி டிரைவரோ, அதே இரண்டு ஆண்டுதான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 106(1) பிரிவு. பொதுவான தண்டனையை ஐந்து ஆண்டாக உயர்த்திவிட்டார்கள். பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவ நடைமுறையின்போது செய்தால் மட்டும் அதே பழைய இரண்டு ஆண்டு. பதிவு பெற்ற மருத்துவர் என்றால் யார் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி தகுதி பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நம் பெயர் இருப்பது நர்ஸிங் கவுன்சில் பதிவேட்டில். அப்படியானால் ஒரே டேபிளில், ஒரே நோயாளிக்கு, ஒரே தவறில் பங்கு இருந்தாலும், எழுத்துப்படி டாக்டருக்கு இரண்டு ஆண்டு வரை, ஸ்க்ரப் நின்ற நர்ஸுக்கு ஐந்து ஆண்டு வரை. டாக்டர்களின் சங்கம் தங்களுக்காகப் பேசி வாங்கிக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அதுதான் சங்கத்தின் வேலை. நமக்காக யாரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

இது வெறும் ஏட்டுச் சங்கதி என்று நினைத்தால் கோழிக்கோட்டைப் பாருங்கள். 2017-இல் சிசேரியன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 2022 செப்டம்பரில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுத்தார்கள். ஐந்து ஆண்டு வலி. அது எந்த ஆபரேஷனில் தங்கியது என்பதிலேயே மருத்துவக் குழுவும் போலீஸும் வேறுவேறு சொன்னார்கள். கடைசியில் போலீஸ் குற்றம்சாட்டியவர்களில் இரண்டு பேர் டாக்டர்கள், இரண்டு பேர் நர்ஸுகள். அந்தப் பெண் நீதி கேட்டுத் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்ததில் எனக்கு முழுச் சம்மதம். என் கேள்வி வேறு. அன்றைக்குக் கவுண்ட் சரியாக வரவில்லை என்று யாருக்காவது தெரிந்திருந்தால், அவர் அதை எங்கே போய்ச் சொல்லியிருக்க முடியும்?

அமெரிக்காவில் ஒரு நர்ஸ் சொன்னார். நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில், ரடோண்டா வாட் என்பவர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்யூரோனியத்தைக் கொடுத்துவிட்டார். மருந்து அலமாரி கணினியில் இயங்குவது. முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார், வேறு மருந்து வந்தது, எச்சரிக்கைகளைத் தாண்டி எடுத்துவிட்டார். நோயாளி இறந்தார். வாட் அன்றே தன் தவறை ஒப்புக்கொண்டு சொன்னார். மருத்துவமனை அதை அரசுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை. 2022 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது அவர்தான். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள், சிறை இல்லை. ஆனால் உரிமம் போயிற்று. அவருடைய கவனக்குறைவு சின்னது என்று நான் வாதாட மாட்டேன். சொன்னவரும் மூடிமறைத்தவரும் ஒரே தராசில் நிற்கவில்லை என்பதைத்தான் உலகம் முழுக்க நர்ஸுகள் பார்த்தார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் கென்டக்கி மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் போட்டது: மருத்துவப் பணியில் அறியாமல் நேரும் தவறுக்குக் குற்ற வழக்கு இல்லை, மிக மோசமான அலட்சியமும் வேண்டுமென்றே செய்வதும் மட்டும் விலக்கு. அந்தச் சட்டத்துக்குள் நர்ஸும் உண்டு. அதே 2024-இல்தான் நம் நாட்டில் நர்ஸ் வெளியே நிறுத்தப்பட்டார்.

சரி, விலை குறைந்தால் சொல்வார்களா? சொல்கிறார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை எண்ணினார். ஒற்றுமையாக வேலை செய்யும் வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை உள்ள வார்டில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. குழம்பிப்போய், இந்தக் கணக்கு எதுவும் தெரியாத இன்னொருவரை வார்டுகளுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். விஷயம் புரிந்தது. நல்ல வார்டில் தவறு அதிகம் நேரவில்லை, அதிகம் சொன்னார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுகிற வார்டில் ஏடு சுத்தமாக இருந்தது. இதைக் கேட்டதும் உங்களில் சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், நான் கவனித்தேன். ‘எங்கள் மருத்துவமனையில் இந்த ஆண்டு தவறே இல்லை’ என்று ஒரு அறிக்கை வந்தால், அங்கே நோயாளியாகச் சேர நான் யோசிப்பேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் 2008-இல் வந்தது. 19 அம்சம். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன் என மூன்று நிறுத்தம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது, சிக்கல்கள் 11-இலிருந்து 7-க்கு. அதற்குப் பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் எல்லா மருத்துவமனையிலும் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014-இல் வெளிவந்தபோது சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. பட்டியல் அதேதான், என்ன ஆயிற்று? உத்தரவு போட்டால் டிக் கிடைக்கும், பேச்சு கிடைக்காது என்பது என் கருத்து. நம் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். கேஸ் முடிந்த பிறகு மூன்று பகுதியையும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்புவது. என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று ஆய்வு வருகிறது என்றால் ஒரு மாதத் தாளையும் ஒரே மத்தியானத்தில் நிரப்புவது. அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த அம்சம், கத்தி வைக்கும் முன் எல்லாரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. அபத்தமாகத் தோன்றும். ஆனால் ஆரம்பத்தில் ஒருமுறை வாய் திறந்து தன் பெயரைச் சொன்னவருக்கு, ஒரு மணி நேரம் கழித்து ‘சார், மாப் வரட்டும், அப்புறம் ஊசி தரேன்’ என்று சொல்வது கொஞ்சம் எளிது. பல தியேட்டர்களில் நாம் முதலில் விட்டுவிடுவது அதைத்தான்.

தியேட்டரோடு விஷயம் முடிவதில்லை. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், மூட்டு ஜவ்வு அறுவைக்குப் பிறகு காலை இழந்து, உயிரையும் இழந்தார். கட்டு இறுக்கமாக இருந்து இரத்த ஓட்டம் தடைபட்டது என்று சுகாதார அமைச்சரே விளக்கம் கொடுத்தார். அந்த வார்டில் யார் என்ன செய்தார்கள் என்று இங்கே நின்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. பொதுவாகக் கேட்கிறேன். கட்டுப் போட்ட காலின் விரல் நுனியைத் தொட்டுப் பார்ப்பது, குளிர்ந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, அசைக்க முடிகிறதா என்று பார்ப்பது நம் வேலை. பார்த்து, சந்தேகப்பட்டு, இரவு ஒரு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டு, ‘வலி ஊசி போடுங்க, காலையில பார்க்கிறேன்’ என்ற பதிலும் வந்துவிட்டால்? இரண்டாவது முறை போன் போடுவதா? அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிடுவதா? கூப்பிடலாம் என்று எழுத்தில் ஒரு விதி இருந்தால் அது மரியாதைக் குறைவு ஆகாது. விதி இல்லாத இடத்தில் அது ‘திமிர்’.

ஆள் பற்றாக்குறையைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர். இது எல்லா ஷிஃப்ட்டும் சேர்த்து. மூன்றுக்கு ஒருவர் என்றாலும் ஒரு ஷிஃப்ட்டில் ஒன்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கணக்கும் அதற்கேற்ப மாற வேண்டும். நான்கு வழிச் சாலை விபத்து கேஸ் ஒரே இரவில் மூன்று வந்தால் ஓ.டி.யில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதையும் எழுதி வையுங்கள். ஆள் குறைவு என்பதும் பதிவாக வேண்டிய சம்பவம்தான்.

எழுதி வைப்பது யாருக்கு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டுக்கு இதில் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணத்தை உட்கார்ந்து அலசுவது இங்கே நெடுநாளாக நடக்கிறது. எங்கே தாமதம், ஆம்புலன்ஸா, இரத்தமா, ரெஃபரலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இந்த மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம் 2018-20 கணக்கில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 என்று இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. அந்தக் கூட்டங்கள் சில நேரம் திட்டு வாங்கும் இடமாகவும் மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறையை ஒத்துக்கொண்டே சொல்கிறேன், இறந்த பிறகு அலசுகிற நாம், தப்பிப் பிழைத்தவரின் கதையையும் அலசலாம். காணாமல் போய்க் கடைசி நிமிடத்தில் கிடைத்த மாப், ஏற்றும் முன் கண்ணில் பட்ட வேறு குரூப் இரத்தப் பை, இவைதான் எவருக்கும் கேடு வராமல் பாடம் தருபவை. பெயர் கேட்காமல் இவற்றை எழுத ஒரு நோட்டு போதும். எங்கே தொடங்குவது என்று கேட்டால், மருந்தின் பக்கவிளைவை நர்ஸே நேரடியாகத் தெரிவிக்க ஏற்கெனவே வழி இருக்கிறது. மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 1800-180-3024. அதற்கு டாக்டரின் கையெழுத்து தேவையில்லை.

சட்டத் திருத்தத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். 106(1)-இல் மருத்துவருக்குக் கொடுத்ததைப் பதிவு பெற்ற நர்ஸுக்கும் மருத்துவச்சிக்கும் கொடு என்று ஒரே ஒரு கோரிக்கை. அரசு, தனியார், ஒப்பந்தம் என்று பிரியாமல் எல்லாச் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் டெல்லி வரைக்கும் போகும். நம் மாவட்ட எம்.பி.யிடம் கொடுப்பதில் தொடங்கலாம். வரைவை யார் எழுதுவது என்பதை இந்தக் கூட்டம் முடிவதற்குள் தீர்மானித்துவிடுங்கள், நான் உட்கார்ந்து உதவுகிறேன். கேள்வி கேட்க நினைப்பவர்கள் கேட்கலாம். நைட் டியூட்டிக்குப் போக வேண்டியவர்கள் முதலில்.